35க்கு 30 எடுத்தால் தேர்ச்சியா? 96ஆவது ஆஸ்கர் பரிந்துரைகளை வைத்து ஒரு கணிப்புத் தணிக்கை

2024 ஜனவரி 23. லாஸ் ஏஞ்சலஸில் விடியற்காலை 5.30, இந்தியாவில் இரவு 7 மணி. ஸாஸி பீட்ஸும் ஜாக் குவெய்டும் 96ஆவது ஆஸ்கர் பரிந்துரைகளை வாசித்து முடித்தபோது ‘ஓப்பன்ஹைமர்’ 13, ‘புவர் திங்ஸ்’ 11, ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்’ 10, ‘பார்பி’ 8 என்று கணக்கு நின்றது. ஆனால் பேச்சு முழுக்க இல்லாத இரண்டு பெயர்களைப் பற்றித்தான். இயக்குநர் பட்டியலில் ‘பார்பி’யை இயக்கிய கிரெட்டா கெர்விக் இல்லை. நடிகை பட்டியலில் அதில் நாயகியாக நடித்த மார்கோ ராபி இல்லை.

அந்தச் சத்தத்தில் கணிப்புகளைச் சரிபார்க்கும் வேலை வழக்கம்போல அரைகுறையாக முடிந்தது. சிறந்த படத்துக்கு 10 இடம், இயக்குநருக்கு 5, நடிப்பின் நான்கு பிரிவுகளுக்கு 20. மொத்தம் 35. இதில் 30 சரியாகச் சொன்னவர் 86 சதவீதம் என்று போட்டுக்கொண்டார். அந்த எண்ணைக் கொண்டு அவருக்குக் கணிக்கத் தெரியுமா, தெரியாதா என்று எதுவும் சொல்ல முடியாது. ஏன் என்பதை அந்த ஆண்டின் பட்டியலை வைத்தே பார்த்துவிடலாம்.

எதுவும் யோசிக்காமல் எழுதினால் எத்தனை?

ஆஸ்கருக்கு முன்பே அமெரிக்கத் திரைத்துறைச் சங்கங்கள் தங்கள் பட்டியலை வெளியிட்டுவிடுகின்றன. அந்த ஆண்டு ஜனவரி 10இல் நடிகர் சங்கமும் இயக்குநர்கள் சங்கமும், 12இல் தயாரிப்பாளர்கள் சங்கமும் வெளியிட்டன. ஒருவர் ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் இந்த மூன்று பட்டியலையும் அப்படியே நகலெடுத்து ஆஸ்கர் கணிப்பு என்று எழுதியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

தயாரிப்பாளர்கள் சங்கத்தின் பத்துப் படங்களும் ஆஸ்கரின் பத்துப் படங்களும் ஒன்றே: ‘அமெரிக்கன் ஃபிக்‌ஷன்’, ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’, ‘பார்பி’, ‘த ஹோல்டோவர்ஸ்’, ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்’, ‘மேஸ்ட்ரோ’, ‘ஓப்பன்ஹைமர்’, ‘பாஸ்ட் லைவ்ஸ்’, ‘புவர் திங்ஸ்’, ‘த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’. பத்துக்குப் பத்து.

இயக்குநர்கள் சங்கம் சொன்னது கெர்விக், யோர்கோஸ் லாந்திமோஸ், கிறிஸ்டோபர் நோலன், அலெக்ஸாண்டர் பெய்ன், மார்ட்டின் ஸ்கோர்செஸி. ஆஸ்கரில் நோலன், லாந்திமோஸ், ஸ்கோர்செஸி மட்டும் வந்தார்கள். ஐந்துக்கு மூன்று.

நடிகர் சங்கத்தின் நாயகன் பட்டியல் (பிராட்லி கூப்பர், கோல்மன் டொமிங்கோ, பால் ஜியமாட்டி, கிலியன் மர்ஃபி, ஜெஃப்ரி ரைட்) அப்படியே ஆஸ்கரிலும் வந்தது. மற்ற மூன்று நடிப்புப் பிரிவுகளிலும் ஆளுக்கு ஒருவர் மாறினார். இருபதுக்குப் பதினேழு.

10, 3, 17. கூட்டினால் 30.

ஆக, 35க்கு 30 என்பது நகல் எடுத்தவரின் மதிப்பெண். ஜனவரி 12ஆம் தேதியே யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய மதிப்பெண். ஒளிப்பதிவையும் சேர்த்தால் இன்னும் மோசம். அமெரிக்க ஒளிப்பதிவாளர்கள் சங்கத்தின் ஐவரும் அப்படியே வந்தார்கள். சிலியின் கறுப்பு வெள்ளை ரத்தக்காட்டேரிப் படமான ‘எல் கோண்டே’ எட்வர்ட் லாக்மனுக்குப் பரிந்துரை பெற்றுத் தந்ததைப் பலர் பெரிய ஆச்சரியமாக எழுதினார்கள். சங்கப் பட்டியலைப் பார்த்தவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எனவே தணிக்கை செய்யவேண்டிய இடங்கள் ஐந்துதான். வெளியே போனவர்கள் கெர்விக், பெய்ன் (‘த ஹோல்டோவர்ஸ்’), ராபி, பெனலபி குரூஸ் (‘ஃபெராரி’), வில்லெம் டஃபோ (‘புவர் திங்ஸ்’). உள்ளே வந்தவர்கள் ஜுஸ்டின் ட்ரியே (‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’), ஜோனதன் கிளேஸர் (‘த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’), ஸாண்ட்ரா ஹூலர் (‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’), அமெரிக்கா ஃபெரேரா (‘பார்பி’), மார்க் ரஃபலோ (‘புவர் திங்ஸ்’). இந்த ஐந்தில் எதை முன்கூட்டியே கண்டிருக்க முடியும், எதைக் கண்டிருக்க முடியாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையான வேலை.

ஓட்டுச்சீட்டில் மூன்றாம் இடம் யாருக்கு உதவும்?

முதலில் எண்ணும் முறை. அது தெரியாமல் ‘புறக்கணிப்பு’ என்ற சொல்லை எடுக்கவே கூடாது.

பரிந்துரைக் கட்டத்தில் இயக்குநர்களை, ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் இயக்குநர் பிரிவு உறுப்பினர்கள் மட்டும், நடிகர்களை நடிகர் பிரிவு உறுப்பினர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறந்த படத்துக்கு எல்லாப் பிரிவினரும் ஓட்டுப் போடலாம். ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களை விருப்ப வரிசையில் எழுதுகிறார். எண்ணுவது நம்முடைய மாநிலங்களவைத் தேர்தலில் எண்ணும் அதே ஒற்றை மாற்று வாக்கு முறைதான். தமிழகத்தில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் வந்தால் 234ஐ ஏழால் வகுத்து, ஓர் உறுப்பினருக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும் என்று செய்தித்தாள்கள் எழுதுமே, அதே சூத்திரம். ஆஸ்கரில் ஐந்து இடம் என்பதால் பதிவான ஓட்டுகளை ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்டவேண்டும். 600 சீட்டுகள் என்றால் இலக்கு 101.

உண்மையான வாக்கு எண்ணிக்கையை அகாடமி ஒருபோதும் வெளியிடாது. எனவே கற்பனை எண்களை வைத்து ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். முதல் விருப்பம்: அ 190, ஆ 105, இ 88, ஈ 74, உ 62, ஊ 48, மீதி உதிரிகளுக்கு 33. அ, ஆ இருவரும் இலக்கைத் தாண்டிவிட்டார்கள். அ-வுக்குத் தேவைக்கு மேல் 89 ஓட்டுகள் இருக்கின்றன. அந்த உபரி மட்டும் விகிதப்படி அடுத்த விருப்பத்துக்கு மாறும். இ-க்கு 20, ஈ-க்கு 20, உ-வுக்கு 14, ஊ-வுக்கு 25, உதிரிகளுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். இப்போது இ 108, தேர்வாகிவிட்டார். ஈ 94, உ 76, ஊ 73. உதிரிகள் 43 ஓட்டோடு வெளியேறுகிறார்கள். அந்தச் சீட்டுகளில் அடுத்த பெயராக ஈ 10, உ 24, ஊ 9. ஈ 104, தேர்வு. மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கு உ 100, ஊ 82. மற்ற மூவரின் சில்லறை உபரி பதினான்கையும் ஊ-வுக்கே கொடுத்தாலும் 96தான். உ உள்ளே, ஊ வெளியே.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. இ-க்கு முதலிடம் தந்த 88 சீட்டுகளிலும் இரண்டாவது பெயர் ஊ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ-க்கு முதலிடம் தந்த 74 சீட்டுகளிலும் அப்படியே. மொத்தம் 162 பேர் ஊ-வை இரண்டாவதாக எழுதியிருந்தும், சில்லறை உபரி நீங்கலாக, அந்தப் பெயர் படிக்கப்படவே இல்லை. ஏனென்றால் இ, ஈ இருவரும் களத்தில் நின்று தேர்வாகிவிட்டார்கள். அவர்களுடைய சீட்டுகள் அவர்களிடமே தங்கிவிட்டன. அறுநூறு பேரில் நானூறு பேருக்குப் பிடித்தவர் தோற்கவும், நூற்றைம்பது பேருக்கு உயிராகப் பிடித்தவர் ஜெயிக்கவும் இந்த முறையில் இடம் இருக்கிறது.

கெர்விக்குக்கு நேர்ந்தது இதுதானா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவரைச் சங்கப் பட்டியலில் கொண்டுவந்த வாக்காளர்களும் ஆஸ்கர் வாக்காளர்களும் வேறு வேறு ஆட்கள் என்பது உறுதி. இயக்குநர்கள் சங்கத்தில் 19,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். தொலைக்காட்சி இயக்குநர்கள், உதவி இயக்குநர்கள், தயாரிப்பு மேலாளர்கள் எல்லாரும் அதில் உண்டு. அகாடமியின் இயக்குநர் பிரிவில் சில நூறு பேர்தான். அதிலும் 2016க்குப் பிறகு அகாடமி அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து ஆட்களைத் தொடர்ந்து அழைத்துவருகிறது. 2023இல் மணிரத்னம் அழைக்கப்பட்டதும் இந்த விரிவாக்கத்தின் தொடர்ச்சியே. இந்தச் சிறிய கூட்டத்தில், உலகம் முழுவதும் ஓடிய ஒரு ஸ்டூடியோ நகைச்சுவைப் படத்துக்கு எத்தனை முதலிட ஓட்டு விழும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

கான் பாதை

இயக்குநர் பிரிவில் சங்கப் பட்டியலை உடைத்து உள்ளே வந்தவர்களை ஆண்டுவாரியாக அடுக்கினால் கணிப்புக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது.

91ஆவது விழா: பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி, லாந்திமோஸ். வெளியே போனவர்கள் பிராட்லி கூப்பர், பீட்டர் ஃபாரெல்லி.
92: டாட் ஃபிலிப்ஸ். வெளியே டைக்கா வைட்டிட்டி.
93: தாமஸ் விண்டர்பெர்க். வெளியே ஆரன் ஸார்க்கின்.
94: ரியூசுகே ஹமாகுச்சி. வெளியே டெனி வில்நெவ்.
95: ரூபன் ஆஸ்ட்லுண்ட். வெளியே ஜோசஃப் கோசின்ஸ்கி.
96: ட்ரியே, கிளேஸர். வெளியே கெர்விக், பெய்ன்.

ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஐந்துக்கு ஐந்து பொருந்தவில்லை. ஆகவே சங்கப் பட்டியலை அப்படியே எழுதுவது இந்தப் பிரிவில் சோம்பேறித்தனம். ஒருவரையாவது மாற்றியே ஆகவேண்டும்.

யாரை உள்ளே கொண்டுவருவது? பாவ்லிகோவ்ஸ்கி பிரான்ஸின் கான் திரைவிழாவில் 2018இன் சிறந்த இயக்குநர். ஹமாகுச்சியின் படம் 2021 கானில் திரைக்கதை விருது பெற்றது. ஆஸ்ட்லுண்ட் 2022இல் கானின் உச்ச விருதான தங்கப்பனை. ட்ரியே 2023இல் தங்கப்பனை. கிளேஸர் அதே ஆண்டு அதற்கு அடுத்த விருதான கிராண்ட் ப்ரீ. லாந்திமோஸுக்கும் ஃபிலிப்ஸுக்கும் வெனிஸில் பெரிய விருதுகள். விண்டர்பெர்க்கின் படம், விழா நடக்காத 2020இல் கானின் அதிகாரபூர்வத் தேர்வில் இருந்தது. எட்டுப் பேரும் ஐரோப்பியத் திரைவிழா வழியாகவே வந்தவர்கள்.

யாரை வெளியே தள்ளுவது என்பது இதைவிடக் கடினம். வில்நெவ், கோசின்ஸ்கி, கெர்விக் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பெரும் வசூல் ஸ்டூடியோ படத்தின் இயக்குநர் ஒருவர் விழுந்தது தற்செயலாகத் தெரியவில்லை. மூவரின் படங்களும் சிறந்த படப் பட்டியலில் இருந்தன. எல்லாப் பிரிவினரும் ஓட்டுப்போடும் இடத்தில் படம் ஜெயித்தது, சில நூறு இயக்குநர்கள் மட்டும் ஓட்டுப்போடும் இடத்தில் அதன் இயக்குநர் தோற்றார்.

2024இல் இன்னொரு சைகையும் வெளிப்படையாகவே கிடந்தது. ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’, ‘த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ இரண்டையும் தயாரிப்பாளர்கள் சங்கம் தன் பத்தில் சேர்த்திருந்தது. ஹமாகுச்சியின் ‘ட்ரைவ் மை கார்’, ஆஸ்ட்லுண்டின் ‘ட்ரையாங்கிள் ஆஃப் ஸாட்னஸ்’ போன்ற படங்களை இதே சங்கம் முந்தைய ஆண்டுகளில் விட்டுவிட்டது, அவற்றின் இயக்குநர்கள் அதன் பிறகும் ஆஸ்கரில் வந்தார்கள். வணிகக் கண்ணோடு பார்க்கும் தயாரிப்பாளர்களே இரண்டு கான் படங்களைச் சேர்த்துவிட்ட ஆண்டில், இயக்குநர்கள் அவற்றைவிட ஒரு படி மேலே வைப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். ட்ரியே, கிளேஸர் இருவரில் ஒருவரை எழுதாத கணிப்பு பலவீனமான கணிப்பு. இருவரையும் எழுதியது துணிச்சல், ஆனால் ஆதாரமுள்ள துணிச்சல்.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆஸ்கர் பரிந்துரை ஓட்டுப்பதிவு ஜனவரி 11 முதல் 16 வரை. பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டாவின் பரிந்துரைகள் 18ஆம் தேதி. அதாவது பாஃப்டாவால் ஆஸ்கர் ஓட்டை மாற்றியிருக்கவே முடியாது. ஆனால் கணிப்பவருக்கு அது ஒரு வெப்பமானி. பாஃப்டாவில் ட்ரியேயும் கிளேஸரும் இருந்தார்கள், கெர்விக் இல்லை. அதே பட்டியலில் ஸ்கோர்செஸியும் லாந்திமோஸும் இல்லை, பெய்ன் இருந்தார் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆறு இடங்களில் ஒரு பகுதியைப் பாஃப்டா நடுவர் குழுதான் தேர்ந்தெடுக்கிறது. எனவே அதை முழுசாக நம்பியிருந்தாலும் தப்பாகியிருக்கும்.

நடிப்பில் மூன்று மாற்றங்கள், மூன்று விதமான காரணங்கள்

ரஃபலோ, டஃபோ மாற்றம் ஒரே படத்துக்குள் நடந்தது. ஆஸ்கருக்கு முன்பே வரும் விருதுகளில் டஃபோவுக்கு கோல்டன் குளோப், நடிகர் சங்கம் இரண்டிலும் பரிந்துரை, ரஃபலோவுக்கு கோல்டன் குளோபிலும் விமர்சகர்கள் தரும் கிரிட்டிக்ஸ் சாய்ஸிலும் பரிந்துரை. சரிசமம். இதை 50க்கு 50 என்று எழுதியவர்தான் சரியாக எழுதியவர். எந்தப் பக்கம் விழுந்தாலும் அதில் பெருமையோ வருத்தமோ இல்லை.

ஃபெரேரா, குரூஸ் மாற்றம் வேறு மாதிரி. குரூஸுக்கு நடிகர் சங்கம் மட்டும். ஃபெரேராவுக்கு கிரிட்டிக்ஸ் சாய்ஸ் மட்டும். ஆளுக்கு ஒரு கால். அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? ‘ஃபெராரி’ தயாரிப்பாளர்கள் சங்கத்தின் பத்தில் இல்லை. ‘பார்பி’ எல்லாரும் பார்த்த படம். அதோடு ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே, ஜனவரி 14 கிரிட்டிக்ஸ் சாய்ஸ் மேடையில் ஃபெரேராவுக்குச் சிறப்பு விருது ஒன்று தரப்பட்டது. பிரிவு உறுப்பினர் முதலில் படத்தைப் பார்த்தால்தான் ஓட்டு. கடைசி இடத்துக்குப் போட்டி வரும்போது எல்லாரும் பார்த்த படத்தின் நடிகருக்கே சாதகம்.

ஹூலர் வந்தது எதிர்பார்க்கக்கூடியதே. கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ் இரண்டிலும் இருந்தார். சிறந்த படப் பட்டியலின் இரண்டு படங்களில் முக்கியப் பாத்திரம். அமெரிக்க நடிகர் சங்கம் பிறமொழி நடிப்பைத் தவறவிடுவதும், உலகெங்கும் உறுப்பினர்கள் உள்ள அகாடமி அதைப் பிடித்துக்கொள்வதும் பழைய கதை. ‘ரோமா’வின் யாலிட்ஸா அபாரிசியோ, மரினா தெ தாவிரா இருவரும் நடிகர் சங்கத்தில் இல்லாமலே ஆஸ்கருக்கு வந்தார்கள். 2022இல் ‘பேரலல் மதர்ஸ்’ படத்துக்காகக் குரூஸும் அப்படித்தான் வந்தார்.

ஆனால் ஹூலருக்கு இடம் விட்டது ராபியாக இருக்கும் என்பதைக் கண்டிருக்க முடியுமா? முடியாது என்பதே நேர்மையான பதில். கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், நடிகர் சங்கம், பாஃப்டா நான்கிலும் இருந்தவர் ராபி. அனெட் பெனிங்குக்கு கோல்டன் குளோபும் நடிகர் சங்கமும் மட்டும், அவருடைய ‘நையட்’ சிறந்த படப் போட்டியிலேயே இல்லை. கையிலிருந்த ஆதாரப்படி விழவேண்டியவர் பெனிங். ராபியை எழுதியதில் முறைப் பிழை எதுவும் இல்லை. நடந்த பிறகு ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று காரணம் கட்டுவது அடுத்த ஆண்டுக் கணிப்பைக் கெடுக்கும்.

இந்த இடத்தில் எதிர்வினைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்றைக்கு எழுந்த கோபத்தில் நியாயம் இருந்தது; வருத்தத்தை அறிக்கையாகவே வெளியிட்டார் ‘பார்பி’யில் நடித்த ரயன் காஸ்லிங். ஆனாலும் பெண்களை அகாடமி ஒதுக்கிவிட்டது என்று பொத்தாம்பொதுவாக எழுதியவர்கள் அதே பட்டியலைப் படிக்கவில்லை. இயக்குநர் பிரிவில் ட்ரியே இருந்தார். சிறந்த படப் பத்தில் மூன்று பெண்கள் இயக்கியவை, அது அதற்கு முன் நடந்ததில்லை. கெர்விக் தழுவல் திரைக்கதைக்கும், ராபி தயாரிப்பாளராகச் சிறந்த படத்துக்கும் பரிந்துரை பெற்றிருந்தார்கள். லில்லி கிளாட்ஸ்டன் நாயகிப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண். ஒருவர் இல்லை என்று எழுதும்போது அவர் இடத்தில் யார் இருக்கக்கூடாது என்பதையும் பெயரோடு எழுதிப் பார்த்தால் எதிர்வினை தானே கூர்மையாகிவிடும். கெர்விக்குக்காக நோலனையா, ஸ்கோர்செஸியையா, ட்ரியேயையா எடுப்பது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் விமர்சனம்தான் படிக்கத் தக்கது.

ஒரு படம் வரிசை மாறினால்

35க்கு வெளியே, திரைக்கதைப் பிரிவைத் தவறவிட்டவர்கள் அதிகம். காரணம் எளிது. எழுத்தாளர்கள் சங்கம் ‘பார்பி’யை அசல் திரைக்கதை என்று வைத்திருக்க, அகாடமி அதைத் தழுவல் பிரிவுக்கு மாற்றியது. தழுவலில் ஏற்கெனவே ஐந்து வலுவான படங்கள். ஐந்து நாற்காலிக்கு ஆறு பேர். எழுந்து போனது ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்’. அசல் பக்கம் ஒரு நாற்காலி காலியாக, அங்கே ‘மே டிசம்பர்’ வந்து உட்கார்ந்தது. வேலைநிறுத்தம் காரணமாக எழுத்தாளர்கள் சங்கத்தின் பட்டியல் ஆஸ்கர் பரிந்துரைகளுக்குப் பிறகே வந்ததால் நகலெடுக்கவும் வழியில்லை. பிரிவு மாற்றச் செய்தி வந்தால் அந்தப் படத்தை மட்டும் நகர்த்தாமல் இரண்டு பிரிவுகளையும் முதலிலிருந்து எழுதவேண்டும்.

ஆவணப்படத்தில் புகழ்பெற்றவர்களைப் பற்றிய படங்கள் விழுவது அந்தப் பிரிவின் நிரந்தரக் குணம். ‘ஜேன்’, ‘வோண்ட் யூ பி மை நெய்பர்’, ‘அப்பல்லோ 11’ எல்லாம் இப்படி விழுந்தவை. அந்த ஆண்டு இசைக்கலைஞர் ஜான் பட்டிஸ்ட் பற்றிய ‘அமெரிக்கன் சிம்பனி’ பாட்டுக்கு மட்டும் பரிந்துரை பெற்று ஆவணப்படப் பிரிவில் காணாமல் போனது. உள்ளே வந்த ஐந்தில் ஒன்று, ஜார்க்கண்டில் வன்கொடுமைக்கு உள்ளான சிறுமிக்காகப் போராடும் தந்தையைப் பற்றி நிஷா பாஹுஜா எடுத்த ‘டு கில் எ டைகர்’. இந்தியாவின் அதிகாரபூர்வ அனுப்புதலான மலையாள ‘2018’ பதினைந்து படங்களின் குறும்பட்டியலிலேயே இடம்பெறவில்லை.

மதிப்பெண் போடும் முறை

கணிப்பை அறிவிப்புக்கு முன் தேதி போட்டு மூடிவிடவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரங்கள் வேண்டும்: சங்கப் பட்டியலில் உண்டா, வாய்ப்பு எவ்வளவு, ஒரு வரியில் காரணம். ஐந்து பெயரோடு நிறுத்தாமல் ஏழெட்டுப் பேருக்கு வாய்ப்பு எண் கொடுக்கவேண்டும். ஐந்து இடம் உள்ள பிரிவில் எல்லாருடைய வாய்ப்பையும் கூட்டினால் சரியாக 5 வரவேண்டும். முதல் தடவை செய்பவருக்குப் பெரும்பாலும் 6ஐத் தாண்டிவிடும். எல்லாரும் வருவார்கள் என்று தோன்றுவதன் அளவு அது. யாரையாவது குறைத்தே தீரவேண்டும் என்ற அந்த நெருக்கடியில்தான் ராபியா பெனிங்கா என்று உண்மையாக யோசிக்கத் தொடங்குகிறோம்.

முடிவு வந்ததும் ஒவ்வொரு பெயருக்கும், கொடுத்த வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தவேண்டும். வந்தால் 1, வராவிட்டால் 0. நோலனுக்கு 0.98 கொடுத்திருந்தால் தண்டனை 0.0004. கெர்விக்குக்கு 0.85 கொடுத்திருந்தால் 0.7225. அவருக்கே 0.60 கொடுத்திருந்தால் 0.36. கிளேஸரைத் தன் ஐவரில் எழுதாமலே 0.45 கொடுத்தவருக்கு 0.3025. அவரை நினைத்தே பார்க்காமல் 0.10 கொடுத்தவருக்கு 0.81. மொத்தம் குறைவாக இருப்பவரே நல்ல கணிப்பாளர். வெறும் சரி, தவறு கணக்கில் கிளேஸரைத் தவறவிட்ட இருவரும் ஒன்று. இந்தக் கணக்கில் அவர்கள் ஒன்றல்ல. 0.8 கொடுத்த பெயர்களில் ஐந்துக்கு ஒன்று விழுவதுதான் இயல்பு, எதுவுமே விழவில்லையென்றால் பயந்து பயந்து குறைவாகக் கொடுத்திருக்கிறோம் என்று பொருள்.

இவ்வளவு செய்ய நேரமில்லை என்பவர்கள் சங்கப் பட்டியலிலிருந்து செய்த விலகல்களை மட்டுமாவது எண்ணலாம். ஒருவர் பெய்னை எடுத்துவிட்டு ட்ரியேயை எழுதுகிறார்: கூட்டல் 1. குரூஸை எடுத்துவிட்டு ‘மே டிசம்பர்’ ஜூலியன் மூரை எழுதுகிறார்: இருவருமே வரவில்லை, 0. ஸ்டெர்லிங் கே. பிரவுனை எடுத்துவிட்டு சார்லஸ் மெல்டனை எழுதுகிறார்: பிரவுன் வந்துவிட்டார், கழித்தல் 1. அவருடைய மொத்தமும் 30, நகல் எடுத்தவருடைய மொத்தமும் 30. ஆனால் இவருடைய தாளில் படிக்க விஷயம் இருக்கிறது. விருப்பத்தினால் விலகிய இடம் எது, ஆதாரத்தினால் விலகிய இடம் எது என்று அடுத்த ஆண்டுக்கு முன் பிரித்துப் பார்க்கலாம்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் உரசிப் பார்த்தால்

97ஆவது பரிந்துரைகள், லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் தள்ளிப்போய், 2025 ஜனவரி 23இல் வந்தன. அதே நகல் சோதனை: படம் 8, இயக்குநர் 4, நடிப்பு 15. மொத்தம் 27. தயாரிப்பாளர்கள் சங்கத்தின் பத்திலிருந்து ‘எ ரியல் பெய்ன்’, ‘செப்டம்பர் 5’ இரண்டும் விழுந்து ‘ஐயாம் ஸ்டில் ஹியர்’, ‘நிக்கல் பாய்ஸ்’ வந்தன. ஆக, 2025இல் 29 எடுத்தவர் 2024இல் 30 எடுத்தவரைவிட நன்றாகக் கணித்தவர். இருவரையும் சதவீதத்தில் ஒப்பிட்டால் இது தலைகீழாகத் தெரியும்.

இயக்குநர் பிரிவில் கான் பாதை மறுபடி திறந்தது. எட்வர்ட் பெர்கர் வெளியே, கானில் திரைக்கதை விருது வாங்கிய கொராலி ஃபார்ஜா உள்ளே. நாயகிப் பிரிவில் நடிகர் சங்கம் தவறவிட்ட பிறமொழி நடிப்பு ஃபெர்னாண்டா டோரஸ் வடிவில் வந்தது.

துணை நடிகைப் பிரிவில்தான் நகல் எடுத்தவருக்கு அதிக அடி, ஐந்துக்கு மூன்றே. ஜேமி லீ கர்ட்டிஸ், டேனியல் டெட்வைலர் இருவரும் விழுந்தார்கள். இருவரின் படங்களும் சிறந்த படப் பட்டியலில் இல்லை. உள்ளே வந்த ஃபெலிசிட்டி ஜோன்ஸ், இஸபெல்லா ரொஸெல்லினி இருவரின் படங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நடிகர் சங்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்த மோனிகா பார்பரோ தப்பித்ததும் ‘எ கம்ப்ளீட் அன்னோன்’ அங்கே இருந்ததால்தான் என்று கொள்ளலாம். குரூஸ், ஃபெரேரா மாற்றத்தில் பார்த்த அதே விதி. விலக்கும் உண்டு: 2024இல் டேனியல் புரூக்ஸ், ஜோடி ஃபாஸ்டர் இருவரின் படங்களும் சிறந்த படத்தில் இல்லாமலே வந்தார்கள். அவர்களுக்கு கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், நடிகர் சங்கம் மூன்றும் இருந்தன. கர்ட்டிஸுக்கும் டெட்வைலருக்கும் கோல்டன் குளோப் இல்லை. ஆகவே துணை நடிப்புப் பிரிவுகளில் நடிகர் சங்கப் பெயர் ஒன்றை எழுதும் முன் அந்தப் படம் பத்தில் வருமா, வராதென்றால் மற்ற இரண்டு பட்டியல்களிலும் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் 0.5க்கு மேல் கொடுக்கக் காரணம் கிடையாது.